சிரிக்கிறாரா என்று பார்த்தேன்

சனி, ஜனவரி 11

இன்று குப்பைக் கிடங்குக்குப் போனேன். போகும்போது காரில் இருந்த அட்டைப் பெட்டி வரும்போதும் காரிலேயே இருந்தது. அதுதான் இன்றைய செய்தி.

பத்தே காலுக்கு முன்பதிவு. பதினைந்து நிமிடம்தான் தருவார்கள். கால் உடைந்த நாற்காலி, ரோஜரின் மீன்பிடிக் குடை, பழைய வீடியோ கேசட்டுகள் ஒரு பெட்டி. விவாகரத்தாகிப் பதினான்கு வருடம் கழித்து இப்போதுதான் பரணைக் காலி செய்யத் தோன்றியிருக்கிறது எனக்கு. நாற்காலி போயிற்று. குடை போயிற்று. கேசட் பெட்டியைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்தேன், பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“அய்யய்யோ, அதையா போடறீங்க? ‘ஷூவைக் கழற்று’! எனக்கு அது உயிராச்சே!”

பெட்டியின் பக்கவாட்டில் என் கையெழுத்து, தடித்த பேனாவில்: ‘ஷூவைக் கழற்று, 1992–95, முழுசும். அழிக்காதே.’

குரலுக்கு உரியவருக்கு அறுபது வயது மதிக்கலாம். கையில் துருப்பிடித்த ஏதோ குழாய். நல்ல நீலக் கண்கள். இதை ஏன் எழுதுகிறேன்? மூக்குக்கண்ணாடிக் கடை வரவேற்பில் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருப்பவள் கண்ணைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பாள்?

“எனக்கும்தாங்க உயிரு,” என்றேன். “சும்மா... கனமா இருந்தது, கொஞ்சம் இறக்கி வெச்சேன்.”

இறக்கி வைத்தேனாம்! குப்பைத் தொட்டியின் மேல்! லினெட், உனக்கு ஐம்பத்தெட்டு வயது.

அவர் பெயர் கிளைவ். வீடுகளைச் சூடாக்கும் பாய்லர், ரேடியேட்டர் பழுது பார்ப்பவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். கேசட் போடும் பெட்டி இன்னும் ஓடுகிற நிலையில் வைத்திருக்கிறாராம். “நீங்க கேசட்டைக் கொண்டாங்க, நான் டீ போடறேன்” என்றார். மஞ்சள் சட்டைக்காரர் வந்து “குடும்பக் கதையெல்லாம் வெளிய போய்ப் பேசுங்க, பின்னாடி ஏழு வண்டி நிக்குது” என்று விரட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை. நாலு மணி.

ஞாயிறு, ஜனவரி 12

புதனுக்கு இன்னும் மூன்று நாள். தலைமுடியை என்ன செய்யலாம்?

புதன், ஜனவரி 15

போனேன். பார்த்தேன். கடற்கரைச் சாலை முழுக்க நடந்தே வந்தேன். ஜனவரி மாதத்து ஸ்கார்பரோ காற்று ஆளையே தூக்கும், எனக்கு அது உறைக்கவே இல்லை. கால் தரையில் பட்டதா என்பதே சந்தேகம்.

வீடு சுத்தம். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். ஆண்பிள்ளை பிஸ்கட்டைத் தட்டில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

சரி, நிகழ்ச்சி. முப்பது வருடம் கழித்து அந்த ஆரம்ப இசையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஞாயிறு இரவு எட்டு மணி, இஸ்திரி போட்ட பள்ளிச் சீருடை, சோபாவில் மகள் ஜெம்மாவின் ஈரத்தலை, எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றன. கதை ஒன்றும் பெரிதில்லை. நார்மன் கம்பளக் கடைக்காரர். வீடு முழுக்க வெள்ளைக் கம்பளம் போட்டிருக்கிறார். மனைவி பெரில் வருகிறவன் போகிறவனையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி “ஷூவைக் கழற்று!” என்று அதட்டுவாள். முதல் கதையில் போலீஸ்காரர்கள் திருடனைத் துரத்திக்கொண்டு வீட்டுக்குள் வருகிறார்கள். பெரில் திருடன் உட்பட அத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைத்து ஷூவைக் கழற்றச் சொல்கிறாள். நான் டீயைச் சிந்திவிட்டேன்.

பிறகு அந்த இடம் வந்தது. பெரில் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். நார்மன் நம்மைப் பார்த்துத் திரும்பி, “மேதை பேசிட்டாங்க, எல்லாரும் எழுதிக்குங்க!” என்பார். படப்பிடிப்பு அரங்கில் இருக்கும் கூட்டம் கொல்லென்று சிரிக்கும். வாரா வாரம் உண்டு.

மறந்தே போயிருந்தேன். எப்படி மறந்தேன்?

திரும்பிக் கிளைவைப் பார்த்தேன். ஹா, ஹா, ஹா என்று சிரித்தார்.

பரவாயில்லை. எல்லாரும்தான் சிரித்தார்கள் அந்தக் காலத்தில்.

புதனும் ஞாயிறும் பார்ப்பது என்று முடிவு. ஒரு நாளைக்கு ஒரு கதை. மொத்தம் இருபத்திரண்டு இருக்கிறது. இருபத்திரண்டு சந்திப்பு!

ஞாயிறு, ஜனவரி 26

கடையில் ஒருவருக்கு இடது கண் சீட்டை வலது கண் என்று எழுதிக் கொடுத்தேன். அவரே திருத்திவிட்டு, “யாரும்மா அவர்?” என்று கேட்டார். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல.

ஞாயிறு, பிப்ரவரி 2

இன்று கண்டுபிடித்தது: நிகழ்ச்சியை விட நடுவில் வரும் விளம்பரங்கள் நன்றாக இருக்கின்றன. ரோஜர் அவற்றை வெட்டாமல் அப்படியே பதிவு செய்திருக்கிறார். அந்த மனிதர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். தோள்பட்டையில் தலையணை வைத்துத் தைத்த கோட்டுடன் ஒரு பெண் தயிரைச் சாப்பிட்டுவிட்டு மயங்கி விழுகிறாள். கடைசியில் வானிலை அறிக்கையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 1993, ஸ்கார்பரோ, மழை. ஜன்னலைப் பார்த்தோம். மழை.

கிளைவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விசில் அடிக்கும் கெட்டில் மாதிரி ஒரு சத்தம் மூக்கு வழியாக வந்தது, கண்ணில் தண்ணீர், சோபாக் கைப்பிடியில் அடி. “முப்பத்திரண்டு வருஷமா நிக்கவே இல்லியா இது?” என்று கேட்டுவிட்டு மறுபடி அதே கெட்டில்.

நார்மனுக்கு மட்டும் ஹா, ஹா, ஹா. சரியாக மூன்று. இந்த மனிதருக்கு இரண்டு சிரிப்பு இருக்கிறது. என்னவோ.

ஞாயிறு, பிப்ரவரி 9

நேர்மையாக எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

நிகழ்ச்சி காலத்தைத் தாங்கவில்லை. பாதி தாங்குகிறது, பாதி அழுகிவிட்டது. சீன உணவுக் கடைக்காரரின் பேச்சைக் கேலி செய்யும் இடத்தில் நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் நகைச்சுவை எல்லாம் அப்போதே புளித்தது. பெரில் மட்டும் மின்னுகிறாள். ஒரு கதவை அவள் திறக்கிற விதத்துக்கே காசு கொடுக்கலாம். ஆனால் அவள் வாயைத் திறந்தால் நார்மன் மூடிவிடுகிறார். வாராவாரம். மேதை பேசிட்டாங்க.

ரோஜருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கேசட்டில் இருப்பது இருபத்திரண்டு தடவைதான். ரோஜர் பத்தொன்பது வருடம் சொன்னார். கடையில், கல்யாணத்தில், ஜெம்மாவின் பள்ளிக்கூடத்தில், டாக்டரிடம்கூட. நான் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்ய? எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் உம்மென்று இருந்தால், ‘ஒரு ஜோக்கைக்கூடத் தாங்கமாட்டேன் என்கிறாளே’ என்பார்கள்.

தொண்ணூற்றாறில் அவருடைய அண்ணனின் கல்யாண வெள்ளிவிழா. கண்ணாடி அளந்து பொருத்தும் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எல்லாரும் இருக்கும்போது சொல்லலாம் என்று ஆசை. “எனக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு, வர்ற செப்டம்பர்ல—” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார். நாற்பது பேர் சிரித்தார்கள். நானும். அடுத்த நாள் காலை ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கிளைவ் இதற்கு ஏன் சிரிக்கிறார்? இவ்வளவு நல்ல மனுஷன். ஏன்யா சிரிக்கிற?

வெள்ளி, பிப்ரவரி 14

காதலர் தினம். ரோஜா இல்லை. கிளைவ் காலையிலேயே வந்து என் வீட்டு ரேடியேட்டர் ஐந்திலும் சேர்ந்திருந்த காற்றைத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றாக ஸ்ஸ்ஸ் என்று பெருமூச்சு விட்டன. மாடி அறை எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சூடாக இருக்கிறது. வெறும் சட்டையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போகும்போது வாசலில் முத்தம். குறடு சட்டைப்பையிலிருந்து குத்தியது. இருவருமே ஒரே நேரத்தில் “சாரி” என்றோம்.

புதன், மார்ச் 5

பதினைந்தாவது கதை. நார்மன் இன்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் கிளைவைப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஹா, ஹா, ஹா.

ஒரு தடவையாவது தவறிப்போய்ச் சிரிக்காமல் இருக்கக் கூடாதா?

ஞாயிறு, மார்ச் 9

மீனும் சிப்ஸும் வாங்கி துறைமுகச் சுவரில் உட்கார்ந்தோம். என் மீனைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போயிற்று. கிளைவ் எழுந்து அதன் பின்னால் ஓடினார், அறுபத்தோரு வயதில், “டேய், அது லினெட்டோடது! வெச்சுட்டுப் போ!” என்று கத்திக்கொண்டு. திரும்பி வந்து தன் மீனில் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார். மூச்சு வாங்கியது.

“என்னோட வந்து இருந்துடேன், லினெட்,” என்றார். “கல்யாணமோ, கையெழுத்தோ, உனக்கு எது தோதோ அது. எதுவுமே இல்லாட்டியும் சரி. வந்துடு.”

வாயெல்லாம் பல் எனக்கு. ஆனால் நாக்கு வேறு ஒன்றைச் சொல்லிற்று. ஈஸ்டருக்குள் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். “அவசரமே இல்ல. கேசட் இன்னும் ஆறு இருக்கு,” என்றார்.

ஆமாம். அந்தக் கேசட்தானே பிரச்சினை.

திங்கள், மார்ச் 10

லீட்ஸிலிருந்து ஜெம்மா ஃபோன். ஆஸ்பத்திரி வேலை முடிந்து பேருந்தில் போய்க்கொண்டே பேசினாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அம்மா, இரு. ஒரு டிவி ஜோக்குக்குச் சிரிச்சாருன்னு ஒருத்தரை வேணாங்கறியா?”

“எந்த ஜோக்குன்னு உனக்குத் தெரியுமில்ல.”

“தெரியும். நானும் சிரிச்சிருக்கேன்மா. ஏழு வயசுல,” என்றாள். “சரி, அவர்கிட்ட நேரா கேளு. ‘இது பிடிச்சா சிரிக்கறீங்க?’ அஞ்சு வார்த்தைகூட இல்ல.”

“அவருக்கு உயிருடி அந்த நிகழ்ச்சி. மொத நாளே சொன்னாரு. மனசு நொந்துடாது?”

“அடக் கடவுளே! உங்க ரெண்டு பேரையும் ஒரு தீவுல விட்டா, ‘நீங்க முதல்ல சாப்பிடுங்க, நீங்க முதல்ல சாப்பிடுங்க’ன்னு சொல்லியே பட்டினியில செத்துடுவீங்க!”

சத்தம் போட்டுத்தான் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.

ஞாயிறு, மார்ச் 16

கேட்டேன். அதாவது, கேட்கப் போனேன். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், என் வெட்கக்கேட்டுக்குச் சாட்சியாக.

நான்: “எப்பவும் இதையே பாக்கறோமே, உங்களுக்கு அலுக்கலியே?”

கிளைவ்: “சேச்சே! உனக்கு?”

நான்: “எனக்கா? சேச்சே!”

கிளைவ்: “வேற ஏதாவது பாக்கலாம்னாலும் எனக்குச் சம்மதம்தான். உனக்கு வேணும்னா.”

நான்: “உங்களுக்கு வேணும்னா.”

கிளைவ்: “எனக்கு இதே போதும்.”

நான்: “எனக்கும் இதே போதும்.”

பிறகு இருவரும் பதினெட்டாவது கேசட்டைப் போட்டு, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பார்த்தோம். ஜெம்மாவிடம் இதைச் சொல்லவே போவதில்லை.

புதன், மார்ச் 26

இன்று அவருடைய அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. கோட்டை மாட்டப் போனபோது பார்த்தேன். வெறும் கொக்கிகள், வரிசையாக. பார்க்காத மாதிரி மூடிவிட்டேன்.

முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு வாரமாக அந்த முடிவோடுதான் நடமாடுகிறேன். இன்னொரு பத்தொன்பது வருடம் என்னால் முடியாது. இவர் ஒரு நாள்கூட என்னை மட்டம் தட்டியதில்லை, உண்மை. ரோஜரும் முதல் இரண்டு மாதம் தட்டவில்லை.

அந்தக் கொக்கிகளைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வேன்?

ஞாயிறு, மார்ச் 30

அன்னையர் ஞாயிறு. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

பிரிட்லிங்டனில் இருக்கும் கிளைவின் அக்கா பாலின் எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். எழுபது வயது, சமையலறையிலிருந்து பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். மாட்டிறைச்சி, யார்க்‌ஷயர் புட்டிங், முட்டைக்கோஸ் எல்லாம் மேஜைக்கு வந்தன. “ரெண்டு பேரும் எப்படிப் பழக்கமானீங்க?” என்று கேட்டாள். குப்பைக் கிடங்கு, கேசட், ‘ஷூவைக் கழற்று’ என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். கிளைவுக்கு அது உயிர் என்ற இடத்தில் பாலின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“யாருக்கு உயிரு? இவனுக்கா?”

“அக்கா, குழம்பை இப்படிக் கொடு,” என்றார் கிளைவ்.

“குழம்பு கிடக்கட்டும். டேய் கிளைவ், அந்த நார்மன் மூஞ்சியைக் கண்டாலே எழுந்து போயிடுவியேடா! பாவம், இவன் பொண்டாட்டி ஷீலா ‘ஒரு வாரமாவது உக்காந்து என்னோட பாருங்க’ன்னு கெஞ்சுவா. இவன் என்ன சொல்லுவான் தெரியுமாம்மா? ‘பொண்டாட்டியை மட்டம் தட்டறதைப் பாக்க அரை மணி நேரம் எதுக்கு’ன்னு திட்டிட்டு நாயைப் பிடிச்சுட்டு நடக்கப் போயிடுவான். நாலு வருஷமும் இதே கூத்து. ஊர்லயே நல்லா இளைச்ச நாய் அதான்!”

கிளைவைப் பார்த்தேன். பீட்ரூட். கழுத்து, காது, வழுக்கை எல்லாம் பீட்ரூட்.

“அப்போ குப்பைக் கிடங்குல...?” என்றேன்.

“உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல,” என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு. “பெட்டியில எழுதியிருந்தது. படிச்சேன். வாயில வந்துட்டுது.”

“நான் அதைத் தூக்கிப் போட வந்தேங்க! தூக்கி! போட! வந்தேன்!”

“நீ திரும்ப எடுத்துட்டியே!”

“உங்களுக்கு உயிருன்னு சொன்னீங்களே!”

பாலின் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். “எத்தனை கேசட் பாத்தீங்க?” என்று கேட்டாள். இருபத்தொன்று என்றோம், இருவரும் ஒரே குரலில். அவ்வளவுதான். மேஜைத் துணியில் முகத்தைப் புதைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். ஒன்றை மட்டும் கேட்டே ஆக வேண்டும்.

“சரி, பிடிக்காது. அப்புறம் எதுக்கு அந்த இடத்துல சிரிச்சீங்க? மத்த எல்லா ஜோக்குக்கும் சும்மா இருந்துட்டு, சரியா அந்த மேதைக்கு மட்டும்?”

“நீ பாத்தியே!”

“எதை?”

“என்னை! அவன் அதைச் சொல்றப்பல்லாம் நீ திரும்பி என் மூஞ்சியையே பாப்ப. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. ஆகா, இவளுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் போலிருக்கு, நாம சிரிக்கலேன்னா ஏமாந்துடுவாளேன்னு...”

“நான் பாத்ததே நீங்க சிரிக்கிறீங்களான்னு!”

“அதான் சிரிச்சேன்!”

சிரித்தேன், பிறகு அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ரோஜர், டாக்டர், பள்ளிக்கூடம், வெள்ளிவிழா, நாற்பது பேர், அடுத்த நாள் காலை ஃபோன். ஜெம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, ஜெம்மாவிடமும் வெள்ளிவிழாவைச் சொன்னதில்லை. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “நான் இருபத்தொரு தடவை சிரிச்சிருக்கேன்,” என்றார். முகம் வெளுத்துவிட்டது.

“இருபத்தி ரெண்டு,” என்றேன். “ஒரு வாரம் ரெண்டு தடவை.”

புதன், ஏப்ரல் 2

கடைசிக் கேசட். கிறிஸ்துமஸ் சிறப்புக் கதை. வேண்டாம் என்றார் கிளைவ். வேண்டும் என்றேன் நான். (பாருங்கள், சண்டை!) நிபந்தனை ஒன்று: சிரிப்பு வந்தால்தான் சிரிக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. இருவர் கண்ணும் டிவியில்.

பதினோரு நிமிடம் சுடுகாட்டு அமைதி. அப்புறம் வான்கோழி வெட்டும் மேஜையில் பெரில் வாயைத் திறந்தாள். நார்மன் நம் பக்கம் திரும்பினார். மேதை பேசிட்டாங்க, எல்லாரும் எழுதிக்குங்க. கூட்டம் சிரித்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

படத்தின் ஓரத்தில் பெரில் இருந்தாள். நார்மன் நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கும் அந்த நேரத்தில், அவருடைய தட்டிலிருந்து வான்கோழித் துண்டை எடுத்து, நிதானமாக, மேஜைக்கடியில் நாய்க்குக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு அசைவில்லை.

“நிறுத்துங்க,” என்றேன். “பின்னால ஓட்டுங்க.”

ஓட்டினார். மறுபடி பார்த்தோம். கொடுக்கிறாள்! சத்தியமாகக் கொடுக்கிறாள்!

“போன வாரத்துக் கேசட்டைப் போடுங்க.”

போட்டார். நார்மன் திரும்புகிறார். பெரில் அவருடைய மூக்குக்கண்ணாடி மேல் உட்காருகிறாள். அதற்கு முந்தையது: அவர் டீயில் உப்பு. அதற்கும் முந்தையது: அவர் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைக்கையில் செருகுகிறாள். ஒவ்வொரு தடவையும்! அந்த வரிக்கு ஒரு தடவைகூட அவள் தண்டனை கொடுக்காமல் விடவில்லை. நாடு முழுக்க நார்மனைப் பார்த்துச் சிரித்தபோது, அந்தப் புண்ணியவதி ஓரத்தில் வேறு ஒரு நாடகம் நடத்தியிருக்கிறாள், நாலு வருடமாக.

கிளைவுக்கு அந்தக் கெட்டில் வந்துவிட்டது. எனக்கும். கம்பளத்தில் உட்கார்ந்து, சுற்றிலும் கேசட்டைப் பரப்பி, இருபத்திரண்டு கதையிலும் அந்த ஒரு நொடியை மட்டும் தேடித் தேடிப் பார்த்தோம். சாப்பாடு மறந்தது. ஒரு கதையில் அவருடைய ஷூவுக்குள் கஸ்டர்ட் ஊற்றினாள் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

“இத்தனை நாள் எப்படிப் பாக்காம விட்டோம்?” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“நான் உங்களைப் பாத்துட்டிருந்தேன். நீங்க என்னைப் பாத்துட்டிருந்தீங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்போதும் அப்படித்தானே? தொண்ணூற்றிரண்டிலும் நான் திரையைப் பார்க்கவில்லை. அந்த வரி வரும்போதெல்லாம் ரோஜரின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு நம்மை வைத்துச் சொல்லப் போகிறாரா என்று. நாலு வருடம் அவள் எனக்காகவே செய்துகொண்டிருந்தாள், நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆகவே தீர்ப்பு: நார்மன் தாங்கமாட்டார். பெரில் இன்னும் நூறு வருடம் தாங்குவாள்.

வாசலில் கோட்டை மாட்டிக்கொள்ளும்போது கேட்டேன், “அந்த அலமாரியில இடப்பக்கம்தானே எனக்கு?”

“இடப்பக்கம்தான்,” என்றார். “உனக்கு வலப்பக்கம் வேணும்னா...”

“கிளைவ்!”

“இடப்பக்கம்! இடப்பக்கம்!”

சனி, ஏப்ரல் 12

பெட்டிகள், பெட்டிகள், பெட்டிகள். ஜெம்மா வந்து தூக்கினாள். கூடத்துத் திரைச்சீலை கண்றாவியாக இருக்கிறது என்று கிளைவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். ஷீலா வாங்கியதோ என்று பிறகு பயந்தேன். இல்லையாம், அவரே வாங்கியது. “நல்லாத்தானே இருக்கு?” என்றார். இல்லை என்றேன். இன்னும் நல்லாத்தான் இருக்கிறது என்கிறார். அடுத்த வாரம் கடைக்குப் போகிறோம். ஆகா, என்ன சுகம் இந்தச் சண்டை!

செவ்வாய், ஏப்ரல் 15

கண்ணாடிக் கடை முதலாளியிடம் கேட்டேன். செப்டம்பரில் வகுப்பு. வயது வரம்பு இல்லையாம். விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன். இப்போதைக்கு வாங்கி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிறு, ஏப்ரல் 20

ஈஸ்டர். எங்கள் வீட்டில் ஒன்பது பேர் சாப்பாட்டுக்கு. பாலின், அவள் மகன்கள் இருவர், மருமகள்கள், இரண்டு பேரக்குழந்தைகள், ஜெம்மா, கிளைவ். என்னோடு பத்து என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன், என்னைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஆட்டிறைச்சியை நான்தான் வாட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே வாட்டினேன்.

ஜன்னலுக்கு வெளியே ஈரப் புல்வெளியில் ஒரு கடற்காகம் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தட்டி நடனம் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் சிரித்தன. பாலினின் மூத்த மகன், “பைத்தியம் பிடிச்சிருக்கு அதுக்கு,” என்றார்.

“இல்ல, அது ஏன் அப்படிக் குதிக்குதுன்னா—” என்றேன்.

நிறுத்திவிட்டேன். யாரும் என்னை நிறுத்தவில்லை, நானே நிறுத்தினேன். எப்போதும் சரியாக அந்த இடத்தில்தான் நிறுத்துவேன் போலிருக்கிறது, மற்றவர்கள் சிரிக்க இடம் விட்டு. யாரும் சிரிக்கவில்லை. கரண்டிகள் அப்படியே நின்றன. மேஜையே காத்துக்கொண்டிருந்தது.

கிளைவ் கத்தியை வைத்துவிட்டு, “குதிக்குதுன்னா?” என்று கேட்டார்.

அதற்கு மேல் நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. முப்பது வருடமாக அதற்கு மேல் போனதில்லையே. முதலில் கொஞ்சம் திணறினேன். பிறகு சொன்னேன். காலால் தட்டினால் மண்ணுக்குள் இருக்கும் புழு, மழை வந்துவிட்டதென்று நினைத்து மேலே வரும், அதற்குத்தான். ஒரு குழந்தை கேட்டது, புழுவுக்குக் காது உண்டா என்று. இல்லை, அதிர்வு தெரியும் என்றேன். அப்போ ரயில் போனால்? அது எனக்கும் தெரியவில்லை, ஆனால் கடையில் ஒரு பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது, அதைச் சொன்னேன், அதிலிருந்து வேறு எங்கோ போனேன்.

யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க மறந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே அந்தக் கடற்காகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது ஜெம்மா சொல்லித்தான் தெரிந்தது, கால் மணி நேரம் பேசினேனாம்.